வண்டி எண்களைப் படித்தவனுக்காக ஒரு மடல்

காவலர் பயிற்சிப் பள்ளிகளுக்குப் பாடம் வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். “பையனுக்குச் சட்டத்தை மதிக்கச் சொல்லிக்கொடுங்கள் அம்மா” என்று போன வருடம் காவல் நிலையத்தில் ஓர் உதவி ஆய்வாளர் எனக்குப் புத்தி சொல்லி அனுப்பினார். இரவு மணி பதினொன்றரை. மகனை வீட்டுக்குக் கூட்டிப் போனால் போதும் என்றிருந்ததால் தலையாட்டிவிட்டு வந்தேன். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

மகனுக்கு 19 வயது, ஆட்டிசம். அவன் அளவுக்குச் சட்டத்தை மதிப்பவர் எங்கள் தெருவில் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்க வேண்டும் என்பதைப் படம் வரைந்தும், பொம்மைக் கார் ஓட்டியும், பிறகு சாலையில் கைபிடித்து நின்றும் எட்டு மாதம் பழக்கினோம். இப்போது போக்குவரத்துக் காவலரே கையசைத்துப் போகச் சொன்னாலும் சிவப்பில் அசையமாட்டான். ஹெல்மெட் இல்லாமல் போகிறவரைப் பார்த்தால் நடுத்தெருவில் கத்துவான். அவர் சீருடையில் இருந்தாலும் விடமாட்டான். விதி அவனுக்குப் பிடித்த பண்டம். விதிவிலக்குதான் தொண்டையில் இறங்காது. அடுத்தவர் பொருளைத் தொடாதே என்கிறோம். பக்கத்து வீட்டுப் பாட்டி மிட்டாய் டப்பாவை நீட்டினால் எடுத்துக்கொள் என்கிறோம். கடைக்காரரும் டப்பாவைத் திறந்துதானே வைத்திருக்கிறார்?

நிறுத்தியிருக்கும் வண்டியைத் தொடக்கூடாது என்பது அவனுக்குத் தெரியும். குனிந்து எண்ணைப் படிக்கலாமா என்பதை நாங்கள் யோசித்ததே இல்லை. வண்டி எண்கள் என்றால் அவனுக்கு உயிர். அன்று ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெளியே வரிசையாக நின்ற இருசக்கர வாகனங்களின் எண்களை, இருட்டில், ஒவ்வொன்றாகக் குனிந்து படித்துக்கொண்டிருந்தான். ரோந்து வந்த காவலர் “உன் பெயர் என்ன?” என்று கேட்டிருக்கிறார். “உன் பெயர் என்ன?” என்றான் இவன். “நீ எந்த ஊர்?” என்றதற்கு “நீ எந்த ஊர்?”

காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வது ஆட்டிசம் உள்ள பலரின் பேச்சில் உண்டு. கேள்வி புரியாதபோது வரும், பயத்தில் வரும், பதிலைத் தேடும்போதும் வரும். நம் மொழியில் அதில் கூடுதலாக ஒரு வம்பு இருக்கிறது. காவலர் சொன்ன ‘நீ’ அவருக்கே ‘நீ’யாகத் திரும்பிப் போகிறது. ஏட்டையாவையே ஒருமையில் பேசுகிறானா! முகத்தைப் பார்க்காததால் திருட்டு முழி. கைகளை உதறிக்கொண்டே இருந்ததால் கஞ்சா. போதாக்குறைக்கு, ஓடினான்.

அந்த ஓட்டத்துக்கு நாங்கள்தான் பொறுப்பு. சாப்பிடாத பிள்ளையைப் போலீஸில் பிடித்துக் கொடுப்பதாக மிரட்டாத வீடு எது? மற்ற பிள்ளைகள் ஏழெட்டு வயதில் அது வெறும் பேச்சு என்று தெரிந்துகொள்கிறார்கள். இவனுக்குச் சொன்ன சொல் சொன்னபடிதான்.

நிலையத்தில் “வண்டி திருடத்தானே வந்தாய்?” என்று கேட்டிருக்கிறார்கள். “ஆமாம்.” “கூட வந்தவன் ஓடிவிட்டானா?” “ஆமாம்.” நீதான் ஜனாதிபதியா என்று கேட்டிருந்தால் அதற்கும் ஆமாம்தான். பெரியவர்கள் சொல்வதற்கு ஆமாம் சொன்னால் முறுக்கு கொடுத்துப் பழக்கியவர்கள் நாங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் சட்டைப் பையில் நான் தைத்து வைத்திருந்த கைபேசி எண் அவர்கள் கண்ணில் பட்டது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: விஷயம் தெரிந்ததும் அதே உதவி ஆய்வாளர்தான் அவனுக்குப் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார்.

அவனுக்கு 17 வயதாக இருந்திருந்தால், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி லாக்கப்பில் வைக்கவே கூடாது. குழந்தை நல காவல் அலுவலரிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். 18 நிறைந்த அன்று அந்தக் குடை மடங்கிவிட்டது. மழை நின்றுவிட்டதா என்ன?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதன் 47ஆம் பிரிவு, காவல் அதிகாரிகளுக்கான பயிற்சிகள் அனைத்திலும் மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றிய பாடத்தைக் கட்டாயமாக்கச் சொல்கிறது. அந்தப் பாடம் திரையில் ஓடும் ஒரு மணி நேரப் படக்காட்சியாக முடிந்துவிடக் கூடாது என்பதே என் கோரிக்கை. எங்கள் பிள்ளைகளை அரை நாள் பயிற்சி மைதானத்துக்கு வரவழையுங்கள். புதிய காவலர்கள் சீருடையிலேயே வந்து அவர்களிடம் பெயர் கேட்கட்டும். கேட்டுவிட்டுப் பத்து நொடி வாயைத் திறக்காமல் காத்திருக்கட்டும். ஆமாம், இல்லை என்று முடிகிற கேள்வியைத் தவிர்த்து “இங்கே என்ன செய்தாய், காட்டு” என்று கேட்டுப் பழகட்டும். தோளைப் பிடித்து இழுக்கும் முன் சட்டைப் பையைப் பார்க்கட்டும்.

எங்கள் பங்கையும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். எங்கள் குடியிருப்பில் இருக்கும் பெண் காவலர் ஒருவர், பணி முடிந்து திரும்பும்போதெல்லாம் சீருடையைக் களையாமல் எங்கள் வாசலில் நின்று இவனிடம் பெயர் கேட்டார். முதல் வாரம் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தான். ஒன்றரை மாதத்தில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். இப்போது அவர் வரத் தாமதமானால் அட்டையோடு படியில் உட்கார்ந்திருக்கிறான்.

நீங்கள் கூப்பிட்டால் அவனை அழைத்துவருகிறேன். மைதானத்தில் வண்டிகள் நின்றால் முதலில் எல்லா எண்களையும் படித்து முடிப்பான். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
அவனுடைய அம்மா