சரவணனுக்கு அப்பா எழுதுவது

வேலூர்

அன்புள்ள சரவணா,

இங்கே எல்லோரும் நலம். ஆயாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டும் பிரித்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனிலேயே இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து நீ மறுபடியும் அதையே கேட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் ரக்பி பயிற்சி ஆட்டத்தின் வீடியோவை அக்கா காட்டினாள். பந்தோடு ஓடியவனை மடக்கப் பாய்ந்தாய். அவன் முழங்கால் உன் காதோரம் மோதியது. உடனே எழுந்துவிட்டாய். பிள்ளை எழுந்துவிட்டான் என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனால் எழுந்தவன் உன் அணிப் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கமாக நாலடி நடந்துவிட்டுத் திரும்பினாய். நான் அந்த நாலடியைத்தான் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன்.

பாகாயத்தில் டாக்டர் மேரி வர்கீஸ் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை சிகிச்சை செய்தவர் அந்த அம்மா. அங்கே வருகிறவர்களில் கழுத்து ஒடிந்தவனைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். தலையில் அடிபட்டவன்தான் ஏமாற்றுவான். வீக்கம் இருக்காது, பெரும்பாலும் ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாது. கேட்டதையே கேட்பான், வெளிச்சம் கண்ணைக் கூசும், காரணமில்லாமல் எரிந்து விழுவான். அக்காவிடம் நீ போனைப் பட்டென்று வைத்ததையும் இதோடுதான் சேர்க்கிறேன்.

ஏன் மறைக்கிறாய் என்பது புரியாமல் இல்லை. அணித் தேர்வு நெருங்குகிறது. 2025 ஜூனில் மும்பையில் ரக்பி பிரிமியர் லீக் தொடங்கி, முதல் கோப்பையையே சென்னை அணி வாங்கியதிலிருந்து உனக்கு வேறு நினைப்பே இல்லை. வெளிநாட்டு வீரர்களோடு ஒரே அணியில் ஆடலாம், காசும் வரும். தவறில்லை. ரக்பி யூனியன் என்ற இந்த ஆட்ட வகையில் வீரர்கள் சம்பளம் வாங்கலாம் என்று ஒப்புக்கொண்டதே 1995 ஆகஸ்டில்தான். ஆனால் அந்த லீக் நடந்தது இரண்டே வாரம். மீதி மாதங்களுக்கு ரயில்வேயிலோ போலீஸிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை வேண்டும். அதற்குப் பரீட்சை எழுத, கோப்பு படிக்க, தலை வேலை செய்ய வேண்டும்.

இங்கிலாந்தின் ஸ்டீவ் தாம்சன் 2003 ரக்பி உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடியவர். நாற்பதைக் கடந்த கொஞ்ச காலத்திலேயே மறதி நோய் என்று கண்டறிந்தார்கள். அந்தக் கோப்பையை வென்றதே நினைவில் இல்லை என்கிறார். நீ பார்த்துப் பார்த்து வளர்ந்த கோப்பை அது.

2024 முதல் பெரிய ஆட்டங்களில் பல் கவசத்துக்குள்ளேயே உணரி வைக்கிறார்கள். அடி பலமாக விழுந்தால் மைதான மருத்துவருக்குத் தகவல் போகிறது. வீரன் வாயால் சொல்வதை மட்டும் அவர்கள் நம்பியிருப்பதில்லை. நல்ல ஏற்பாடு. உன் மைதானத்தில் அது கிடையாது, ஆகவே நீதான் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று. கபடியில் தலையை முன்னால் விட்டுத் தொடையைப் பிடித்த பழக்கம் உன்னை விடவில்லை. ஓடுகிறவனுக்கு முன்னால் தலை போகக்கூடாது; தோள் இடிக்க வேண்டும், தலை அவன் பின்பக்கமாக ஒதுங்கியிருக்க வேண்டும். பயிற்சியாளர் சொல்லியிருப்பார். நீ கேட்டிருக்க மாட்டாய்.

நாளைக் காலை அணி மருத்துவரிடம் போ. எதிர்ப்பக்கம் நடந்ததையும் சொல், ஆயா கண்ணைப் பற்றி இரண்டு முறை கேட்டதையும் சொல். அவர் சரி என்னும் வரை மைதானத்தில் இறங்காதே, பைக் ஓட்டாதே. தலைவலி கூடினாலோ வாந்தி வந்தாலோ நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. தேர்வு கைவிட்டுப் போனால் காட்பாடிக்கு டிக்கெட் எடு, பணம் போட்டுவிடுகிறேன்.

மருத்துவர் எழுதிக் கொடுப்பதைப் படமெடுத்து அக்கா எண்ணுக்கு அனுப்பு. அம்மா எண்ணுக்கு வேண்டாம். அன்றைக்கே ரயில் ஏறிவிடுவாள்.

அப்பா