நாய் விழுந்தால் நீ குதிக்காதே, மக்ளே

முட்டம்

என் அன்பு மக்ளே,

நீ அனுப்பிய வீடியோவை நேற்று ராத்திரி மூன்று தடவை பார்த்தோம். உன் நாய் சாளை அணியத்தில், படகின் முன்பக்கம் நிற்கிறது. இன்னொரு நாய் நெத்தோலி உன் காலடியில் தூங்குகிறது. நீ சுக்கான் பிடித்திருக்கிறாய். நம்ம கரையில் பெண்பிள்ளைகள் கட்டுமரமேறிக் கடலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. என் மகள் பாய் விரித்துத் தீவு தீவாகப் போகிறாள். அம்மா அழுதாள். எனக்குப் பெருமையும் உண்டு, பயமும் உண்டு. பயத்தைப் போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

டிசம்பர் பிறந்ததும் கரீபியன் கடலிலுள்ள கிரெனடா தீவிலிருந்து வடக்கே கிளம்புவோம் என்றாய். அங்கே புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்றதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. 2017-இல் ஒக்கி நம்ம கரையைச் சிதைத்ததும் ஒரு நவம்பர் 30-இல்தான். காலண்டரை நம்பாதே. 2024-இல் பெரில் புயல் ஜூலை 1-ஆம் தேதியே காரியாகூ தீவை அடித்துப் போட்டது என்று நீதானே சொன்னாய். பத்து நாள் பொறுத்து, வானத்தைப் பார்த்துக் கிளம்புங்கள்.

அங்கே பெரும்பாலும் கொண்டல்தான், கிழக்குக் காற்றுதான் வீசும் என்கிறாய். தீவுகள் தெற்கு வடக்காகக் கிடப்பதால் காற்று பக்கவாட்டில் கிடைக்கும், ஓட்டம் நன்றாக இருக்கும். ஆனால் தீவின் மேற்கு மறைவில் பாய் தொங்கிவிடும். வடமுனை தாண்டியதும் காற்றும் அலையும் சேர்ந்து வந்து விழும். செயின்ட் வின்சென்டுக்கும் செயின்ட் லூசியாவுக்கும் நடுவே 20, 25 கடல் மைல் திறந்த கடல். கிழக்கேயிருந்து வரும் நீரோட்டம் அந்தச் சந்து வழியாகத்தான் பாயும். முனைக்கு முன்பே, காற்றில்லாத இடத்திலேயே பாயைச் சுருக்கு. சுருக்கிய கையோடு நாய்கள் இரண்டையும் கட்டு. படகு சாய ஆரம்பித்ததும் அதுகள் மிரண்டு மேலே ஓடி வரும். விழுவது அப்போதுதான்.

எங்கள் நாய் ராசனைப் பற்றி உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. எனக்கு அப்போது 12 வயது. உன் தாத்தாவோடும் என் சித்தப்பாவோடும் கட்டுமரத்தில் போவேன். ராசன் தினமும் அலைவாய் வரை நீந்தி வந்துவிட்டுத் திரும்பும். ஒரு ஆனி மாதம் திரும்பவில்லை. பாறைகளைத் தாண்டிப் பாய் விரித்த பிறகுதான் சித்தப்பா பார்த்தார். "லேய், நாய் வருது." நான் குதிக்க எழுந்தேன். தாத்தா என் அரைக்கயிற்றைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "குதிச்சா ரெண்டு தலையைத் தேடணும். நீ நாயையே பாரு. கையை நீட்டிக் காட்டிட்டே இரு, கண்ணை எடுக்காத."

பாயை இறக்கி மரத்தைத் திருப்பினார்கள். அலைமேல் வந்தால் ராசன் தலை தெரியும், பள்ளத்தில் இறங்கினால் மறையும். கறுப்பாக, ஒரு தேங்காய் அளவு. கூப்பிட்டால் கேட்கும் தூரத்துக்கு வந்துவிட்டோம். பின்னால் துடுப்பு விழுந்த சத்தம் கேட்டு நான் திரும்பினேன், அவ்வளவுதான். மறுபடி பார்த்தபோது தண்ணீர் மட்டும் இருந்தது. பொழுது சாயும்வரை சுற்றினோம். தாத்தா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. லைட் ஹவுசும் வேளிமலை உச்சியும் எந்தக் கணியத்தில், எந்த நேர்கோட்டில் சேர்ந்தால் அந்த இடம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

சாளையோ நெத்தோலியோ விழுந்தால் நீ குதிக்காதே. மாப்பிள்ளையும் குதிக்கக் கூடாது. ஒருவர் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கணும், மற்றவர் படகைத் திருப்பணும். விழுந்த இடத்தைக் குறிக்கும் பொத்தான் உன் ஜிபிஎஸ்ஸில் இருக்குமே, அதை அந்த நிமிடமே அமுக்கு. அணையும்போது காற்றுக்கு முகம் கொடுத்து வா, அப்போதுதான் படகு நிற்கும். முதுகில் கைப்பிடி வைத்த மிதவைச் சட்டையை இரண்டுக்கும் போட்டே வை, அந்தக் கைப்பிடி இல்லாமல் நனைந்த நாயைத் தூக்க முடியாது. ஓரக் கம்பியில் வலை கட்டியிருப்பதைப் பார்த்தேன். கண்ணி பெரிது மக்ளே, நெத்தோலி நுழைந்துவிடும். சின்னக் கண்ணி வலை ஒன்று பின்ன ஆரம்பித்திருக்கிறேன். பார்சலில் வரும்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டை ஈரம் படாமல் வை. வெறிநோய்க்கான எதிர்ப்புச் சக்தி அளவு 0.5-க்குக் குறைந்தால் தீவுகளில் இறங்க விடமாட்டார்கள் என்றாய். கிரெனடாவில் கீரிகளுக்கு அந்த நோய் இருப்பதால் அங்கிருந்து வரும் நாய் என்றால் கூடுதலாகக் கேட்பார்களாமே. அந்தக் கீரி நம்ம நாட்டிலிருந்து போனது. கரும்புத் தோட்டத்து எலிகளுக்காக 1872-இல் ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார்களாம், அங்கிருந்து மற்ற தீவுகளுக்கும் போய்விட்டது. பாவம், அதுவும் ஊர் விட்டுப் போன பிராணி.

கரையில் இறங்கினால் பேத்தை மீன் ஒதுங்கிக் கிடக்கிறதா என்று முதலில் பார். செத்துக் காய்ந்ததைத் தின்றாலும் நாய் பிழைக்காது. மான்சினீல் மரத்தடியில் மழைக்குக்கூட ஒதுங்காதே, அதன் பால் பட்ட தண்ணீரே தோலைப் பொசுக்கும் என்று மாப்பிள்ளை சொன்னார். கடல் தண்ணீரை நக்க விடாதே, நல்ல தண்ணீர் எப்போதும் கிண்ணத்தில் இருக்கட்டும். படகில் ஒன்றுக்குப் போக மறுக்கிறது என்றாயே, தும்பு மிதியடி ஒன்றில் கயிறு கட்டி வை. முதல் தடவை கரையில் அதுகள் போன இடத்திலேயே அதைப் புரட்டி எடுத்துவந்தால் வாசனை பிடித்துப் போகும். பிறகு கடலில் போட்டு அலசிக்கொள்ளலாம்.

இன்னும் கிளம்பவில்லைதானே. காற்று சுமாராக இருக்கும் ஒரு நாள் ஒரு தேங்காயைக் கடலில் எறிந்துவிட்டு, பாயோடு திரும்பி வந்து எடுத்துப் பாருங்கள். நீ ஒரு தடவை, மாப்பிள்ளை ஒரு தடவை. எத்தனை நிமிடம் ஆனது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா