ஜப்பான் மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தரக் கோரி

மாணவர் பரிமாற்ற நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைத் தலைமை அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் பன்னிரண்டாவது கடிதம். முந்தைய பதினொன்றுக்கும் வந்தது ஒரே பதில்தான்: "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது." யார் பரிசீலிக்கிறார்கள் என்று கேட்டால் ஒரு போன் நம்பர் தருகிறார்கள். அதில் எடுப்பவர் பழைய நம்பரையே திரும்பச் சொல்கிறார். அலைந்து ஓய்ந்துபோய்த்தான் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

கொரோனா வந்ததற்கு நான் உங்களைக் குறை சொல்லவில்லை. 2020 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் ஃபுல்பிரைட் கல்விப் பரிமாற்றம் போன்ற பழம்பெரும் திட்டத்தையே நிறுத்திவைத்தார்கள். ஜப்பான் எல்லையை மூடியது உங்கள் முடிவு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். மூடிய பிறகு எங்களை நடத்திய விதம் முழுக்க முழுக்க உங்களுடையது.

2021 டிசம்பர் 1-ஆம் தேதியை என்னால் மறக்க முடியாது. அசல் சான்றிதழ்களோடு நேரில் வரச் சொல்லி உங்களிடமிருந்து குறுஞ்செய்தி வந்திருந்தது. அதற்கு முந்தைய நாளே, நவம்பர் 30 அன்று, ஒமிக்ரான் என்ற புதிய கொரோனா வகை காரணமாக ஜப்பான் புதிதாக வரும் வெளிநாட்டவர்களுக்கு மறுபடியும் கதவை அடைத்துவிட்டது. செய்தியைப் பார்த்ததும் காலையிலேயே போன் செய்து, "இன்று வரத்தான் வேண்டுமா?" என்று கேட்டேன். "வாங்க, வேலை நடக்குது" என்றார்கள். இரண்டு பஸ் மாறி வந்து, கோப்பை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நான்காவது கவுன்டரில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "உங்க ஒருத்தருக்காக நாங்க ஜப்பானைத் திறக்கச் சொல்லவா? பேப்பர் படிக்கிற பழக்கம் இல்லையா?" என்று கேட்டார். அத்தனை பேர் முன்னால். என் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வயதில் மூத்தவர் எதிரில் பேசுகிற பேச்சா அது? அந்தக் கவுன்டர்காரர் தன் பெயர் அட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார். ஆனால் அன்றைய வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் அது யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அவரிடமிருந்து எழுத்தில் மன்னிப்பு வேண்டும்.

இதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். என் வகுப்பு தொடங்க வேண்டியது 2020 ஏப்ரலில். அது போயிற்று, சரி. அதே ஆண்டு அக்டோபரில் ஜப்பான் மாணவர்களுக்கு மறுபடி வழி விட்டது. அழைக்கிற நிறுவனத்தின் உறுதிமொழிக் கடிதம் இருந்தால் போகலாம் என்ற நிலை. அந்தக் கடிதத்தை வாங்கித் தருவதாகச் சொன்னது நீங்கள். அக்டோபர் போயிற்று, நவம்பர் போயிற்று. "அடுத்த வாரம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். 2021 ஜனவரியில் கதவு திரும்பவும் மூடிக்கொண்டது. என்னோடு தேர்வான ஒரு பெண் தானாகவே பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கடிதம் வாங்கி டிசம்பரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் உங்களை நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு என் எதிர்காலமே விலையாகப் போய்விட்டது.

இப்போது பணத்துக்குப் பதிலாக நீங்கள் தர முன்வந்திருக்கும் கிரெடிட் வவுச்சருக்கு வருகிறேன். 2022 மார்ச் முதல் எல்லை படிப்படியாகத் திறக்கிறது, எந்தப் பருவத்தில் வேண்டுமானாலும் வவுச்சரைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பரிமாற்றத் திட்டத்தில் போக வேண்டுமானால் சொந்தக் கல்லூரியின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். இது உங்கள் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது, உங்களுக்கு நான் பாடம் நடத்தத் தேவையில்லை. நான்கு முறை தேதியைத் தள்ளித் தள்ளி வைத்ததில் என் படிப்பே முடிந்துவிட்டது. இப்போது நான் மாணவர் இல்லை. மாணவர் இல்லாத ஒருவருக்கு மாணவர் பரிமாற்ற வவுச்சரைக் கொடுத்துக் கணக்கை முடிக்கப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

ஆன்லைனில் ஒரு பருவம் நடத்திவிட்டதால் "சேவை வழங்கப்பட்டது" என்று எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆய்வகத்தில் கற்க வேண்டியதை ஒரு சின்னக் கட்டத்துக்குள் வேறு யாரோ செய்ய, மைக்கை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கருவியையாவது தொட்டேனா? பக்கத்து அறைக்காரரிடம் நான்கு வார்த்தை ஜப்பானிய மொழியில் பேசினேனா? அந்தப் பாடத்தை நடத்தியதும் பல்கலைக்கழகம்தான், நீங்கள் இல்லை.

அப்புறம் ஜப்பானில் எனக்கென்று சொன்ன அந்த அறை. 304-ஆம் எண். ஜன்னலோரம் மேசை, மேசை மேல் ஒரு விளக்கு, மடித்து வைத்த மெத்தை. நீங்கள் அனுப்பிய படத்தை இரண்டு வருடம் போனில் வைத்திருந்தேன். ஒரு இரவுகூடத் தூங்காத அந்த அறைக்கு "தங்குமிட நிர்வாகக் கட்டணம்" என்று பிடித்திருக்கிறீர்கள். யாரும் ஏறாத விமானத்துக்கு எதிரில் நிற்க "விமான நிலைய வரவேற்பு" என்று ஒரு தொகை. காப்பீட்டைக் கேட்டால் பெருந்தொற்று விலக்குப் பட்டியலில் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் 2021-இல் அதை என் பெயரில் புதுப்பித்து மறுபடி பணம் வாங்கியது எதற்காக? தொற்று நடந்துகொண்டிருப்பது அப்போது உங்களுக்குத் தெரியாதா?

ஐரோப்பாவில் எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் கொரோனாவை யார் கட்டுக்கும் மீறிய சூழல் என்று ஏற்று, மாணவர்களுக்கு வீணான செலவை ஈடுகட்ட வழி செய்தார்கள். மனம் இருந்தால் வழி இருந்திருக்கிறது.

தயவுசெய்து இதையாவது முழுதாகப் படியுங்கள். நான் சண்டைக்கு வரவில்லை. மூன்று தவணையாகக் கட்டிய தொகை முழுவதும் என் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வவுச்சர் வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வரவில்லை என்றால் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவேன். மன உளைச்சலுக்கும் சேர்த்துத்தான் கேட்பேன். என் பிரிவில் காத்திருக்கும் மற்ற மாணவர்களும் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார்கள். ரசீதுகள், உங்கள் குறுஞ்செய்திகள், நான்கு ஒத்திவைப்புக் கடிதங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். அசல்கள் என்னிடமே இருக்கும். அவற்றைத் தூக்கிக்கொண்டு இனி உங்கள் கவுன்டருக்கு வர மாட்டேன்.

இப்படிக்கு,
2020 ஏப்ரல் பிரிவு விண்ணப்பதாரர்