மதுரையில இருந்து டொரண்டோ வரைக்கும் என் இன்சுலினை கெடாம கொண்டு வந்து சேர்த்தவங்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். மகள் பிரசவத்துக்குன்னு கிளம்பி வந்தேன், பேத்தி பொறந்தாச்சு, தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க, இப்பதான் கொஞ்சம் கை ஓய்ஞ்சிருக்கு, அதான் எழுத உக்காந்துட்டேன்.

சுகருக்கு ஊசி போட்டுக்கற பொம்பளை தனியா அவ்ளோ தூரம் ஃப்ளைட்ல போறேன்னு சொன்னா, பாதி பேரு "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, தைரியமா போங்க"ங்கறாங்க, மீதி பேரு "இந்த வயசுல ஊசியும் மருந்துமா தூக்கிக்கிட்டு எதுக்கு"ங்கறாங்க. ரெண்டு கூட்டத்தாலயும் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. இன்னதை இன்ன மாதிரி பண்ணுங்கன்னு பிடிச்சு உக்காரவச்சு சொன்னவங்க கொஞ்சம் பேருதான், இந்த மடல் அவங்களுக்கு.

முதல்ல எங்க டாக்டரம்மா. நான் வருஷக்கணக்கா பாட்டில்ல இருந்து இழுத்து போடற ஆளு, சிவப்பு மூடி சிரிஞ்ச். டிக்கெட் போட்டாச்சுன்னு சொன்ன அன்னிக்கே அவங்க கேட்டது "அங்க போய் சிரிஞ்ச் தீர்ந்தா என்ன பண்ணுவீங்க?"ன்னு. கடையில வாங்கிக்குவேன்னேன். அப்பறம்தான் விளக்கினாங்க. நம்ம ஊரு பாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதுக்குத்தான் சிவப்பு மூடி. கனடாவுல எல்லாம் 100 யூனிட் கணக்கு, அந்த சிரிஞ்சுக்கு நம்மகிட்ட ஆரஞ்சு மூடி வரும். நம்ம 40 பாட்டிலை அந்த சிரிஞ்சுல 20 கோடு வரைக்கும் இழுத்தா உடம்புக்குள்ள போறது 8 யூனிட்டுதான். அதையே திருப்பி, அங்க வாங்கற 100 பாட்டிலை நம்ம சிவப்பு மூடியில 20 கோட்டுக்கு இழுத்தா 50 யூனிட்! எனக்கு தூக்கிவாரிப் போட்டுருச்சு. கிளம்பறதுக்கு ரொம்ப முன்னாடியே பாட்டிலை விட்டுட்டு இன்சுலின் பேனாவுக்கு (பேனா மாதிரி இருக்கற ஊசி) மாத்தி, கை பழகற வரைக்கும் வரச்சொல்லி பாத்தாங்க. இதை வேற யாருமே எனக்கு சொல்லலைங்கறதுதான் ஆச்சரியம், வெளிநாட்டுக்கு போற வயசானவங்க எத்தனை பேரு பாட்டிலும் சிரிஞ்சுமா போறாங்க.

கிளினிக்ல கம்ப்யூட்டர்கிட்ட உக்காந்திருக்கற பாப்பாவுக்கு தனியா ஒரு நன்றி. டாக்டர் லெட்டர் டைப் அடிக்கறப்போ "ஆன்ட்டி, பாஸ்போர்ட்ல பேரு எப்படி இருக்கு"ன்னு கேட்டுச்சு. நம்ம ஊரு சீட்டுல எல்லாம் ஒரு இனிஷியலும் பேரும், பாஸ்போர்ட்ல எங்கப்பா பேரு முழுசா நீட்டமா இருக்கு. லெட்டர், மருந்துச்சீட்டு, மருந்து பில்லு எல்லாத்தையும் பாஸ்போர்ட் பேருக்கே மாத்தி அடிச்சு குடுத்துச்சு, கம்பெனி பேரு ஊருக்கு ஊரு மாறும்னு மருந்தோட பொதுப் பேரையும் போட்டு, பேனா ஊசி, விரல் குத்தற ஊசி, மெஷின், கையில ஒட்டியிருக்கற சுகர் பாக்கற சென்சார்னு ஒண்ணு விடாம எழுதுச்சு. நம்ம ஊரு இனிஷியல் பண்ற கூத்து தெரிஞ்ச பிள்ளை.

நர்ஸ் தங்கச்சி சொன்னது நிறைய, அதுல மூணு விஷயம் அப்படியே காதுல நிக்குது. இன்சுலின்ல ஒரு துளிகூட பெரிய பெட்டியில போடாதீங்க, கீழ சரக்கு போற இடத்துல குளிர்ல உறைஞ்சாலும் போச்சு, பெட்டி தொலைஞ்சாலும் போச்சு. பேனாவுல ஊசியை மாட்டியே வைக்காதீங்க, மேல போறப்போ காத்தழுத்தம் மாறும், உள்ள குமிழி வரும், ஒவ்வொரு தடவையும் புது ஊசி மாட்டி ரெண்டு யூனிட் வெளிய விட்டு பாத்துட்டு போடுங்க. அப்பறம், சாப்பாட்டு தட்டு முன்னாடி வந்து உக்கார்ற வரைக்கும் சாப்பாட்டு ஊசியை தொடாதீங்க.

கடைசியா சொன்னது எவ்ளோ பெரிய விஷயம்னு ஃப்ளைட்ல தெரிஞ்சுது. டிராலி எனக்கு ரெண்டு வரிசை முன்னாடி வந்துருச்சு, சாம்பார் வாசனை மாதிரி ஏதோ வருது, வீட்டுல இருந்தா அந்நேரம் ஊசி போட்டிருப்பேன், திடீர்னு ஃப்ளைட் குலுங்க ஆரம்பிச்சு பெல்ட் லைட் எரிஞ்சு, அந்த பொண்ணுங்க டிராலியை அப்படியே பின்னாடி தள்ளிக்கிட்டு போய்ட்டாங்க. சாப்பாடு திரும்ப வர ரொம்ப நேரமாச்சு, முன்னாடியே ஊசி போட்டிருந்தா சுகர் இறங்கிப் போயிருக்கும். தங்கச்சி, அந்த நேரத்துல உன்னைத்தான் நெனச்சேன்.

மெடிக்கல் ஷாப் தம்பி குளிர் பை குடுத்ததோட விடல. ஜெல் பாக்கெட்டை ஃப்ரீசர்ல வச்சு எடுத்து நேரா மருந்து மேல வைக்கக்கூடாது, நடுவுல துணி சுத்துங்க, ஒரு தடவை உறைஞ்ச இன்சுலின் உருகினாலும் உதவாது, தூக்கிப் போட்டுரணும்னு சொல்லி அவரே என் பழைய காட்டன் துண்டை மடிச்சு வச்சு காட்டினாரு. இப்ப போட்டுக்கிட்டிருக்கற பேனாவுக்கு ஐஸ் வேணாம், என் மருந்து வெயில் படாம 30 டிகிரிக்குள்ள இருந்தா 28 நாள் தாங்கும்னு அதை ஹேண்ட்பேக்ல தனியா வச்சு குடுத்தாரு.

சென்னை ஏர்போர்ட்ல செக்கிங்ல இருந்த அந்த வடக்கத்தி போலீஸ் பொண்ணு. திரைக்கு பின்னாடி கூட்டிட்டு போய் மெஷினை வச்சு தடவிக்கிட்டே வந்தா, கையில சென்சார்கிட்ட வந்ததும் நிறுத்திட்டா. எனக்கு இந்தி வராது, அவளுக்கு தமிழ் வராது. லெட்டரை நீட்டினேன். நின்னு முழுசா படிச்சா, "சுகர்?"னா, ஆமான்னேன், "என் அம்மாவுக்கும்"னு சைகையில சொல்லிட்டு ரொம்ப பதமா அதை ஒதுக்கி செக் பண்ணி விட்டா. ஜெல் பாக்கெட்டை பாத்து பையை திறக்கச் சொன்னவங்களும் லெட்டரை பாத்ததும் ஒண்ணும் சொல்லல, 100 மில்லி கணக்கு மருந்துக்கு கிடையாது.

வளைகுடாவுல ஃப்ளைட் மாறற இடத்துலதான் கொஞ்சம் ஆடிப்போய்ட்டேன். கேட்ல ஒருத்தர் என் பையை பாத்துட்டு மேல இடமில்ல, கீழ போடணும்னு டேக் கட்ட வந்துட்டாரு, நான் மெடிசன் மெடிசன்னு சொல்றேன், காதுலயே வாங்கல. பின்னால நின்ன ஒரு யாழ்ப்பாணத்து தம்பி, டொரண்டோவுல ஸ்கார்பரோவுக்கு போறவராம், "அம்மா, பையைக் குடுக்காதேங்கோ, லெட்டரை எடுங்கோ"ன்னு சொல்லிட்டு முன்னால வந்து இங்கிலீஷ்ல அளவா, கோவப்படாம, இது இன்சுலின், கீழ போகக்கூடாதுன்னு பேசினாரு. வேணும்னா என்ர பையைக் கீழ போடுங்கோன்னு அவர் பையை குடுத்துட்டாரு! பேரு கேக்கறதுக்குள்ள வரிசை நகர்ந்துருச்சு. தம்பி, இது உங்க கண்ணுல பட்டா ஒரு வார்த்தை போடுங்க, டொரண்டோலதான் இருக்கேன், ஒரு நாள் சாப்பிட வாங்க.

ராத்திரி போடற நீண்ட நேர ஊசிக்கு டாக்டரம்மா ஒரு சீட்டு எழுதி குடுத்திருந்தாங்க, மேற்கால போறப்போ நாள் ஒன்பதரை மணி நேரம் நீளும், அதனால ஒரு கையில சென்னை நேரம் ஒரு கையில டொரண்டோ நேரம்னு ரெண்டு வாட்ச் கட்டிக்கிட்டு வந்தேன். என்னைப் பாத்து சிரிச்சவங்க சிரிச்சுக்கட்டும். (அந்த கணக்கு எனக்கு போட்டது, நீங்க உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.) நடுவுல ஒரு தடவை கை நடுங்கி வேர்த்துது, பாத்தா சுகர் 66க்கு இறங்கியிருக்கு. பட்டனை அழுத்தினதும் ஓடி வந்த ஏர்ஹோஸ்டஸ் டயட் கோலா எடுக்காம நேரா ஆரஞ்சு ஜூஸை உடைச்சு குடுத்து, பதினஞ்சு நிமிஷம் கழிச்சு தானே வந்து "மறுபடி பாத்தீங்களா"ன்னு கேட்டா, அப்ப 92. இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தாங்களோ, நல்லா இருக்கட்டும்.

இங்க வந்தப்பறம் ரெண்டு பேரு. பக்கத்து மருந்துக்கடையில டெஸ்ட் பண்ணி 8.2ன்னதும் நான் பயந்துட்டேன், அங்க இருந்த தமிழ்ப் பொண்ணுதான் இங்க சுகரை வேற அளவுல சொல்லுவாங்க, பதினெட்டால பெருக்குங்க அம்மா, உங்க கணக்குல 148க்கு பக்கம்னு சொல்லி ஒரு துண்டு பேப்பர்ல அட்டவணையே எழுதி குடுத்துச்சு. மருமகன் நான் வர்றதுக்கு முன்னாடியே ஃப்ரிட்ஜ்ல ஒரு தட்டை காலி பண்ணி தெர்மாமீட்டர் போட்டு, பின் சுவரை ஒட்டி வச்சா உறையும்னு முன்பக்கமா இடம் விட்டு வச்சிருந்தாரு, அவங்க அம்மா அனுப்பின ஊறுகா ஜாடி எல்லாம் இப்ப வெளிய நிக்குது.

திரும்பி வர்றது கிழக்கால, இப்ப நாள் சுருங்கும், அதுக்கு டாக்டரம்மா வேற சீட்டு அனுப்பிட்டாங்க. மெடிக்கல் தம்பி, வர்றப்போ உனக்கு மேப்பிள் சிரப் வாங்கிட்டு வரவா? உனக்கு சுகர் இல்லைல்ல?