நண்டு வளை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாயிக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, "யாரும் பார்க்காதப்போ ஒரு பொருள் இருக்குன்னு எப்படிப்பா நிரூபிப்பீங்க?" என்று. அப்போது ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். அன்றிலிருந்து அதே நினைப்பு. போனில் சொல்ல வந்தால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நமக்கு முறைத் தண்ணீர். ராத்திரி பத்து மணிக்குக் கீழவயலில் நாலு விரல் தண்ணீர் கட்டி, மடையை அடைத்துவிட்டு வந்து படுத்தேன். விடிந்து போய்ப் பார்த்தால் வெறும் சேறு மினுங்குகிறது. தண்ணீரெல்லாம் பக்கத்து வயலில் நிற்கிறது. வரப்போரம் காலால் தடவிக்கொண்டே போனேன். தென்மூலையில், கோரை மறைவில், ஒரு நண்டு வளை. கையை விட்டால் முழங்கை வரை போகிறது. உள்ளே வழுவழுவென்று, சில்லென்று இருந்தது. வைக்கோலைச் சுருட்டித் திணித்து, மேலே களிமண்ணை அறைந்து மிதித்துவிட்டு வந்தேன்.

அந்த வளையை அந்த ராத்திரி ஒருவரும் பார்க்கவில்லை. அப்படி ஒன்று இருக்குமென்று நினைக்கக்கூட இல்லை. ஆனாலும் விடிய விடிய அது தன் வேலையைப் பார்த்திருக்கிறது. நண்டு பார்த்திருக்குமே என்பாய். நண்டு விட்டுப்போன பழைய வளையும் இப்படித்தான் ஒழுகும், பாப்பா.

இருப்பது என்றால் உணரப்படுவதுதான் என்று அயர்லாந்துத் தத்துவவாதி பெர்க்லி 1710-இல் எழுதினார். நாம் கண்ணை மூடினாலும் கடவுள் உணர்ந்துகொண்டிருப்பதால் உலகம் நிற்கிறது என்பது அவர் பதில். அவரை நான் லேசாக நினைக்கவில்லை. ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் 1763-இல் ஒரு கல்லை ஓங்கி உதைத்து "இதோ மறுத்துவிட்டேன்" என்றாராம். எனக்கு அது பதிலாகவே படவில்லை. கால் வலியும் உணர்வுதானே.

நம் பக்கத்துக்கும் இந்த வழக்கு புதிதில்லை. ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்தது. பௌத்தர்கள் வாழ்ந்த ஊர் அது. அவர்களில் யோகாசாரர் என்ற பிரிவினர், வெளியே பொருள் என்று ஒன்றும் இல்லை, அறிவே கனவில் போலப் பொருளாகத் தோன்றுகிறது என்றார்கள். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில் பிற மதங்களை மறுக்கும் பரபக்கம் என்ற பகுதியில் அவர்களை நேருக்கு நேர் எதிர்த்து வாதிடுகிறார். நான் ஆதீன வகுப்புக்குப் போன காலத்தில் அதைத்தான் விடாமல் படித்தேன்.

சரி, பொருளை விடு. மற்றவர் மனசு? அதை எவரும் பார்த்ததில்லை. பெர்க்லியே இதை ஒப்புக்கொண்டு, அவர்கள் செயலால் நமக்குள் எழும் உணர்வுகளைக் கொண்டுதான் ஊகிக்கிறோம் என்கிறார். அவருக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்னே, 7-ஆம் நூற்றாண்டில், தருமகீர்த்தி என்ற பௌத்த அறிஞர் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். இன்று அது திபெத்திய மொழியில்தான் கிடைக்கிறது. என் பேச்சுக்கு முன்னால் என் எண்ணம் இருக்கிறது, என் எண்ணம் இல்லாமலே ஒரு பேச்சு காதில் விழுந்தால் அதற்குப் பின்னால் இன்னொரு மனம் உண்டு என்பது அவர் வாதம். 11-ஆம் நூற்றாண்டில் ரத்னகீர்த்தி என்ற இன்னொரு பௌத்தர் அதையும் மறுத்து, முடிந்த முடிவாகப் பார்த்தால் பிற மனம் நிலைக்காது என்றார். வெளியே ஒன்றுமில்லை என்ற அந்த வழியில் கடைசிவரை நடந்தவர் அவர்தான் என்று எனக்குப் படுகிறது. நடந்து போய்ச் சேர்ந்த இடத்தில் பேச இன்னொரு ஆள் இல்லை. என்னால் அங்கே நிற்க முடியாது. காணாத மனத்தை ஊகித்து ஏற்கலாமென்றால், காணாத வளையை ஏன் ஏற்கக் கூடாது?

பொங்கலுக்கு வந்திருந்தபோது ஒரு நாள் சாயங்காலம், கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தாயே. மேலவயலை உன்னைக் கேட்காமல் விற்றதில் கோபம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ரெண்டு நாள் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ ஊருக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். அவள் கேட்டதற்கு, "அதில்லம்மா" என்று மட்டும் சொன்னாயாமே.

அந்த "அதில்லம்மா"தான் எனக்குப் பெரிய சான்று. நீ என் நினைப்புக்குள் மட்டும் இருப்பவளானால், உன் விஷயத்தில் நான் தப்புப் பண்ணவே முடியாது. வயல் காலையில் காய்ந்து கிடந்த மாதிரிதான் இதுவும். நான் போட்ட கணக்கு ஒன்று, அங்கே நடந்தது வேறு. நமக்குத் தெரியாமலும், நம் நினைப்புக்கு மாறாகவும் ஒன்று இருக்க முடிகிறது என்பதைத் தப்புப் பண்ணித்தான் தெரிந்துகொண்டேன். அந்த ரெண்டு நாளுக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அப்புறம், அன்று அந்தக் கல்லின் மேல் என்னதான் நினைத்துக்கொண்டிருந்தாய்? சொல்லலாம் என்றால் எழுது.

அன்புடன்,
அப்பா