அப்பா திரும்ப வாழைக்கு தண்ணி பாய்ச்ச போயிட்டாவ, எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். அப்பா ஆபரேஷனுக்கு துணையா நின்னவங்க ஊர் ஊரா இருக்கீங்க, ஒவ்வொருத்தருக்கா போன் போட்டா ரெண்டு வார்த்தைக்கு மேல பேச முடியாம தொண்டை அடைச்சுருது, அதான் இங்க எழுதுதேன்.

அப்பாவுக்கு 61 வயசு, சேரன்மாதேவி பக்கம் வாழை போட்டிருக்காவ. இருதயத்துல இருந்து கெளம்புற பெரிய ரத்தக்குழாய் இருக்குல்லா, அயோட்டா, அதோட அடிப்பகுதி 5.6 சென்டிமீட்டருக்கு வீங்கிட்டு. அங்க ரத்தம் திரும்பி வராம தடுக்குற வால்வுக்கு மூணு இதழ் இருக்கணும், அப்பாவுக்கு பொறந்ததுல இருந்தே ரெண்டுதானாம், ரத்தம் பின்னால கசியுது. வலியே கெடையாது, வரப்புல நடந்தா லேசா மூச்சு வாங்கும், அவ்வளவுதான். பாளையங்கோட்டையில ஸ்டெதஸ்கோப் வச்ச ஒடனே எக்கோ, அதான் இருதயத்த பாக்குற ஸ்கேன், எடுத்துட்டு வாங்கன்னு அனுப்புன டாக்டரம்மாவுக்கு மொத நன்றி. அப்படியே விட்டா குழாய் கிழிஞ்சிரும், அதுக்குப்பெறவு ஆளை காப்பாத்துறது ரொம்ப கஷ்டமாம்.

சென்னையில ஆபரேஷன் பண்ண சர்ஜன் சாருக்கு என்ன சொல்லன்னே தெரியல. பெண்டால் ஆபரேஷன்னு பேரு, 1968லயே லண்டன்ல ரெண்டு டாக்டருங்க எழுதி வச்ச முறை, வீங்குன குழாயையும் வால்வையும் எடுத்துட்டு, வால்வு தைச்ச பாலியெஸ்டர் குழாயை வச்சு, இருதயத்துக்கே ரத்தம் கொண்டுபோற ரெண்டு குழாயையும் அதுல சேத்து தைக்கணும். இதெல்லாம் மருந்து சீட்டு பின்னால படம் போட்டு அம்மாவுக்கு புரியுற வரைக்கும் சொன்னாரு. எந்த வால்வுங்கதையும் அவரா முடிவு பண்ணல. மெக்கானிக்கல்னா, அதாவது செயற்கைப் பொருள்ல செஞ்சது, தேயாது, ஆனா ஆயுசுக்கும் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறையுதுன்னு பாக்க அடிக்கடி ஐஎன்ஆர் டெஸ்ட். மாடு, பன்னி திசுவுல செஞ்ச டிஷ்யூ வால்வுக்கு அந்த மாத்திரை ஆயுசுக்கும் வேண்டாம், ஆனா பத்து பதினஞ்சு வருஷம் போல ஆனா தேயலாம், வயசு கொறைஞ்சவங்களுக்கு சீக்கிரமே தேயும். அப்பா வயசுக்கு ரெண்டுமே வைக்கலாம், உங்க வேலை என்னன்னு கேட்டாரு பாருங்க, அந்த கேள்விக்கே கும்பிடணும். தெனமும் அருவாளும் கையுமா நிக்கிற மனுசன், ஒரு வெட்டு பட்டா ரத்தம் நிக்கணும்லா. டிஷ்யூன்னு முடிவாச்சு. பின்னால தேஞ்சா தொடை வழியா டியூப் விட்டு உள்ளயே புது வால்வு வைக்க வாய்ப்பு இருக்குன்னும், அது எல்லாருக்கும் சரிப்படாதுன்னும் ஒளிக்காம சொன்னாரு.

ரத்தம் குடுத்த தம்பிங்க, ஆபரேஷனுக்காக இருதயத்த நிறுத்தி வச்ச நேரம் அதோட வேலைய செஞ்ச ஹார்ட் லங் மெஷினை பாத்துக்கிட்டவரு, அனஸ்தீஷியா டாக்டர், எல்லாருக்கும் நன்றி. ஐசியூ சிஸ்டர், நீங்க தென்காசின்னு சொன்னதும் அப்பா மொகமே மாறிட்டு. இருமும்போது நெஞ்சோட தலகாணிய அணைச்சுக்கோங்க பெரியப்பான்னு நீங்க பக்கத்துலயே நின்னது, மூச்சுப் பயிற்சிக்கு அந்த மூணு பந்து டப்பாவ உறிஞ்ச வச்சு மூணாவது பந்து ஏறுனதும் கை தட்டுனது, எதையும் மறக்க மாட்டோம். ஆபரேஷனுக்கு அறுத்த நெஞ்செலும்பு கூடுற வரைக்கும் அப்பாவ ஒரு கொடம் தூக்க விடாம தோட்டத்த பாத்துக்கிட்ட பக்கத்து வயல் அண்ணாச்சி, உங்களுக்கு நாங்க கடன்பட்டிருக்கோம்.

இப்போ அப்பா நல்லா இருக்காவ. வருஷா வருஷம் எக்கோ பாக்கணும், பல்லு புடுங்கணும்னா முன்னாடியே டாக்டர்ட்ட சொல்லி ஆன்டிபயாடிக் எடுக்கணும், வால்வுல கிருமி தொத்திரக்கூடாது. ரெண்டு இதழ் வால்வு குடும்பத்துல வரும்னு சொன்னதால நானும் அண்ணனும் எக்கோ எடுத்துட்டோம், எங்களுக்கு ஒண்ணுமில்ல. சித்தப்பா மட்டும்தான் பாக்கி. சித்தப்பா, வார திங்கக்கிழமை காலையில வண்டி எடுத்துட்டு வாரேன், ரெடியா இருங்க.