ஆஸ்பெஸ்டாஸ் வேலை பார்த்தவர்கள் கவனத்துக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை ஒருமுறை உடைத்துவிட்டு, நுரையீரல் போய்விடுமோ என்று சிலர் பயப்படுகிறீர்கள். ஒருநாள் தூசியால் ஆபத்து மிகக் குறைவு, பதற வேண்டாம். வருடக்கணக்கில் அறுத்தவர்கள், துளை போட்டவர்கள் விஷயம் வேறு. நோய் தலைகாட்ட 10 முதல் 40 வருடம்கூட ஆகும். அதனால் வேலையை விட்டு ரொம்ப நாளாச்சே என்று இருந்துவிடாதீர்கள். படியேறினால் மூச்சு வாங்குகிறதா, வறட்டு இருமல் விடவில்லையா? நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். என்ன வேலை, எத்தனை வருடம் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் கேட்காமலும் போகலாம். சிகரெட் பிடிப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், இரண்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு கூடும். அப்புறம், தூசி படிந்த வேலைத் துணியை வீட்டில் உதறாதீர்கள். அதை உதறித் துவைத்த மனைவிமாருக்கும் நோய் வந்திருக்கிறது.